பூனை ஏறியாச்சா?

ஆகஸ்ட் பாதி தாண்டியதும் ஹெல்மர் தன் படகின் கைப்பிடிக் கம்பியில் ஒரு பலகையை மாட்டிவிடுவார். மஞ்சள் பலகை, நீல எழுத்து: ‘பூனை ஏறியாச்சா?’ கோடைக்கு வந்த குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கார் நிறையச் சாமானும் பிள்ளைகளுமாக நகரத்துக்குத் திரும்பும் நேரம் அது. லிண்ட்ஷேர் தீவை விட்டுப் போகவேண்டுமென்றால், இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் நகரும் இந்த மஞ்சள் படகில் காரை ஏற்றித்தான் ஆகவேண்டும். ஏறினால் பலகையைப் படித்தே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் வந்ததும் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு பூனைக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு மாதம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஆகஸ்டில் பார்த்தால் குட்டி நீண்டிருக்கும், கால் வளர்ந்திருக்கும், கூப்பிட்டால் வராது. நகரத்து மூன்றாவது மாடி வீட்டுக்கு இது சரிப்படாது என்று அப்போதுதான் அவர்களுக்கு ஞானம் பிறக்கும். வாசலில் ஒரு தட்டில் பாலை ஊற்றி வைத்துவிட்டு, காட்டில் எலி கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று தங்களையே தேற்றிக்கொண்டு காரைக் கிளப்பிவிடுவார்கள். அப்படி விடப்பட்டதற்கு எங்கள் பக்கம் ஒரு பெயர் உண்டு, கோடைப்பூனை. பனி விழுந்தபின் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஹெல்மர் கேட்பார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் மற்ற நாளில் வாயே திறக்கமாட்டார். ஆனால் ஆகஸ்டில் ஒவ்வொரு கார்க் கண்ணாடிக்குள்ளும் தலையை நீட்டி, பூனை எங்கே என்று விசாரிப்பார். ஒரு வருஷம் பின் இருக்கையில் ஒரு பெண் குழந்தை விசும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தடுப்புக் கம்பியைத் தூக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். அந்தத் தகப்பன் முகம் சிவந்து காரைப் பின்னுக்கு எடுத்து, திரும்பிப் போய்ப் பூனையோடு வரும்வரை பின்னால் பத்துக் கார் ஹாரன் அடித்தபடி காத்துக் கிடந்தன. அந்தக் கதை இரண்டு கரையிலும் பிரசித்தம்.

பலகையில் எழுதியது அவர் மனைவி குன்வோர். அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும்.

குன்வோரின் கடைசி வருஷம், ஏப்ரலில், அவர்கள் படகுக்கொட்டகைக்கு அடியில் ஒரு கோடைப்பூனை குட்டி போட்டிருந்தது. தாயை நரி கொண்டுபோயிற்றோ என்னவோ, ஒரே ஒரு குட்டிதான் மிச்சம். சாம்பல் நிறம், முன்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. குன்வோர் அதைத் தன் பச்சைக் கம்பளிக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்மூலன் என்று பெயரிட்டாள். மேஜையில் சிந்திக் கிடக்கும் ரொட்டித் துணுக்கைத்தான் அப்படிச் சொல்வோம். பெண் குட்டி என்றே இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள், வாலைத் தூக்கி யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

அப்போதே குன்வோரின் ஈரலில் நோய் பரவியிருந்தது. இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் குட்டியைப் பற்றிப் பேசினார்கள். அது திரைச்சீலையில் ஏறி இறங்கத் தெரியாமல் தொங்கியதை, தன் வாலையே துரத்திக் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்ததை, நூலில் கட்டிய தக்கையோடு சண்டை போட்டபடியே தூங்கிப் போனதை. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று குன்வோர் வீட்டுக்குள் அந்தப் பச்சைக் கோட்டைக் கழற்றுவதில்லை. குட்டி அவள் மார்பில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முன்காலாலும் கோட்டை மாறி மாறிப் பிசையும். ரொட்டிக்கு மாவு பிசைவது மாதிரியே இருக்கும். பிசைந்து முடித்து அவள் கழுத்துக் குழியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

ஹெல்மருக்கு அது வைத்திருந்த மரியாதை வேறு. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றியதுதான் தாமதம், எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவருடைய வலது காலின் பெருவிரலைக் காலுறையோடு சேர்த்துக் கவ்வும். வலிக்காது. ஆனால் விடாது.

ஜூலையில் ஒருநாள் அவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு குட்டியை உதறப் பார்த்தபோது குன்வோர் சோபாவிலிருந்து சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"யோவ் படகுக்காரா, நல்லா கடி வாங்கு. நான் போனப்புறம் இவதான் உனக்கு. தனியா கெடக்கோம்னு நெனைக்கவே விடமாட்டா பாரு."

ஹெல்மர் குனிந்து குட்டியின் காதைச் சொறிந்துவிட்டார்.

ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். அந்த வருஷம் பலகையை மாட்டியது அவரோடு முறை மாற்றிப் படகோட்டும் இங்வே.

பச்சைக் கோட்டு கதவை ஒட்டிய கொக்கியில் தொங்கியது. வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மர் அதன் காலரில் முகத்தை வைத்து ஒருமுறை மூச்சை இழுப்பார். சோப்பும், கொஞ்சம் மருந்தும், அவளும். வீட்டில் அவள் என்று மிச்சமிருந்தது அந்த வாசனை ஒன்றுதான், அதற்குப் பின் அந்தப் பூனை. அவளுடைய குரலைக் கேட்டு வாழ்ந்த உயிர் இந்த வீட்டில் தன்னைத் தவிர அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார். ஆறுதலாக இருக்கும்.

ஆனால் செப்டம்பர் முடிவதற்குள் பூனை மாறத் தொடங்கியது.

முதலில் தக்கையை விட்டது. அவர் நூலை ஆட்டினால் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடும். மடியில் தூக்கி வைத்தால் உடம்பை விறைத்துக்கொண்டு நழுவி இறங்கும். பெருவிரலைக் கடிப்பது நின்றது. பகல் முழுக்கத் தூக்கம், இருட்டினால் கதவைப் பிராண்டி வெளியே போய்விடும், விடிந்தபின் ஈரமும் காட்டு வாசமுமாக வரும். தலை பெருத்தது, கழுத்து தடித்தது. வாசற்படியில் மூஞ்சூறு ஒன்றைக் கொன்று போட்டுவிட்டு அதைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போகும். இரவில் புதரிலிருந்து அது கத்துவதைக் கேட்டால் பூனை என்றே தோன்றாது.

இதெல்லாம் எந்தக் குட்டியும் வளரும்போது செய்வதுதான். ஹெல்மருக்கு அது தெரியவில்லை. அவர் வீட்டில் இதற்குமுன் பூனை வளர்ந்ததில்லை, விட்டுவிட்டுப் போனவற்றைத்தான் அவர் பார்த்திருந்தார். அவள் இருந்தவரை குழைந்தது, இப்போது என்னை மதிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தனியாக இருப்பவனுக்கு எதையும் தன்மேல் போட்டுக்கொள்ளத்தான் வரும், என்ன செய்வது. சமையலறையில் உட்கார்ந்து அதன் முதுகைப் பார்த்தபடியே அவர் சாப்பிட்டார். அவள் சொன்ன வார்த்தை பொய்த்துக்கொண்டிருந்தது, அதுதான் அவரைத் தின்றது.

அக்டோபர் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில், காலையில் கோட்டின் காலரில் முகத்தை வைத்தவர் குமட்டிப் பின்வாங்கினார். கோட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம். காட்டமான நாற்றம், கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கும்போதே பூனை மறுபடியும் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நட்டுக்கொண்டு, வால் நுனி நடுங்க நடுங்க இன்னொரு முறை பீய்ச்சியடித்தது. பெண் பூனை இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் கோட்டைத் தொட்டியில் போட்டு அலசினார். சோப்புப் போட்டார், வினிகர் ஊற்றினார். அலச அலச நாற்றம் கொஞ்சம் போயிற்று, குன்வோர் முழுக்கப் போய்விட்டாள். ஈரக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவளுடைய சவ அடக்கத்தில்கூட அழாத மனிதர் அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகை நின்றபோது கோபம் மட்டும் இருந்தது.

பூனையை ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்துப் படகில் ஓட்டுநர் அறைக்குள் வைத்துக்கொண்டார். படகில் ஏறும்போது பலகை அவர் தோளில் உரசியது, இங்வே அதை இன்னும் கழற்றியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கரையில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அங்கேயும் பூட்டிக் கிடந்த கோடை வீடுகளுக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தில் பெட்டியைத் திறந்தார். பூனை வெளியே வந்தது. மண்ணை முகர்ந்தது. ஓடவில்லை, உட்கார்ந்து அந்த வெள்ளைக் காலை நக்கத் தொடங்கியது.

"காட்டுல எலி கெடைக்கும், பொழைச்சுக்குவ," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பாதி வழி வந்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. கால் நின்றது. ஆனால் துறையில் கார்கள் காத்திருந்தன, படகு கிளம்பும் நேரம். மாலையில் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெட்டி மட்டும் கிடந்தது.

பூனை ஓடிப்போய்விட்டது என்று இங்வேயிடம் சொல்லிவைத்தார். நவம்பரில் முறை மாறும் நேரத்தில் காப்பி குடிக்கும்போது, அது கோட்டை நாசம் செய்த கதையையும் எப்படியோ சொல்லிவிட்டார். இங்வேயின் தொழுவத்தில் எப்போதும் ஐந்தாறு பூனை உண்டு. அவன் முதலில் சிரித்தான். ரொட்டித் துணுக்குக்கு மீசை முளைச்சிருச்சா என்று கேலி செய்தான். ஹெல்மர் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஏம்பா, கடுவன் வயசுக்கு வந்தா அப்படித்தான். உன்மேல கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. எது தனக்கு ரொம்ப வேண்டியதோ அது மேலதான் அடிச்சு வைக்கும், இது என்னுதுன்னு. மாட்டு வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போயிருந்தா ஒரு சின்ன வெட்டு, அதோட சரி. மறுபடியும் மடியில வந்து படுத்திருக்கும்."

"மறுபடியுமா?" என்று கேட்டார் ஹெல்மர்.

"பின்ன? வளர்ந்துட்டா மறந்துடுமா?"

அன்றைக்கு ஹெல்மர் மிச்சக் காப்பியைக் குடிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து இடைவேளைதோறும் அக்கரைக் காட்டில் ஸ்மூலன், ஸ்மூலன் என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார். பூட்டிய வீடுகளின் அடியிலெல்லாம் மண்டியிட்டுப் பார்த்தார். மத்தி மீன் டப்பாவைத் திறந்து வைத்தார், காக்கை தின்றது. டிசம்பரில் பனி கொட்டியது. எத்தனை வருஷம் எத்தனை பேரைக் கரித்துக்கொட்டியிருப்பார், அந்தச் சொல் ஒவ்வொன்றும் இப்போது அவருக்கே வந்து சேர்ந்தது. குளிர் இறுகிய காலைகளில் ஓட்டுநர் அறையின் வெப்பமூட்டியைப் போடுவதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஜனவரியில் கடல் உறைந்தது. இரண்டு கரைக்கும் நடுவே நீரோட்டம் இழுக்கும் இடம் மட்டும் எந்தக் குளிரிலும் மூடாமல் கறுப்பாகக் கிடக்கும். மற்ற இடமெல்லாம் வெள்ளை. ஒருநாள் காலை முதல் நடையில் ஹெல்மர் பனியின்மேல் ஒரு தடத்தைக் கண்டார். அக்கரை நாணல் புதரிலிருந்து புறப்பட்டு, நேராக நீரின் விளிம்புவரை வந்து, அங்கே சிறிது நேரம் உட்கார்ந்த குழியும் பதிந்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. நரித் தடம் இல்லை, சின்னது. மறுநாளும் புதிதாக அதே தடம். அதற்கடுத்த நாள் அது தானே உட்கார்ந்திருந்தது. பெரிய தலை, சாம்பல் நிறம், தீவைப் பார்த்தபடி. முன்காலில் ஒன்று பனியோடு பனியாக வெள்ளை.

ஹெல்மர் படகைக் கரையில் தட்டி நிறுத்திவிட்டு, ஏறுபாலத்தை இறக்கிய சத்தத்தில் அது எழுந்து நாணலுக்குள் போய்விட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்தார். பூனை தன் வாசனைக்குத் தானே வரும் என்று இங்வே எப்போதோ சொன்னதை நினைத்து, பச்சைக் கோட்டை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு இங்வேயின் படகில் போனார். அலசியும் போகாத நாற்றம் அதில் இன்னும் இருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நாணலைத் தாண்டி, ஒரு வேலியைத் தாண்டி, தடம் சிவப்பு மரவீடு ஒன்றின் படியில் போய் முடிந்தது. புகைபோக்கியில் புகை வந்தது. கதவின் கீழே பூனை போய்வர ஒரு சின்னத் திறப்பு அறுத்திருந்தார்கள். அந்தத் திறப்பைப் பார்த்ததும் ஹெல்மருக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

கதவைத் திறந்த பெண்ணின் பெயர் அன்னெலி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, போன வசந்தத்தில்தான் இங்கே குடிவந்தவள். படகுக்காரரை ஓட்டுநர் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். குளிரில் நிற்காதீர்கள், காப்பி இருக்கிறது என்று உள்ளே கூப்பிட்டாள். ஹெல்மர் பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலிலேயே ஷூவைக் கழற்றினார்.

உள்ளறையிலிருந்து பூனை வந்தது. அவசரமில்லாத, கனத்த நடை. ஒரு காதில் கிழிசல். அவர் எதிரே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, அவருடைய வலது காலின் பெருவிரலைக் காலுறையோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. வலிக்கவில்லை.

அன்னெலி வியந்துபோனாள். "டைரக்டர் இப்படி யாரையும் பண்ணதே இல்லியே! உங்களத் தெரியுமா என்ன?"

டைரக்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஹெல்மர் வாயைத் திறந்தார். நான்தான் என்று சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை. அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். விடுமுறை வாரம் முடிந்து மூன்று வாரம் கழித்து வந்ததாம், விலா எலும்பை எண்ணிவிடலாமாம், காதில் சீழாம். வைத்தியரிடம் காட்டி, காதுக்கு மருந்து போட்டு, அப்படியே அந்தச் சின்ன வெட்டையும் முடித்துவிட்டாளாம். இப்போது பரம சாது, ராத்திரியில் அவள் கழுத்துக்குள்தான் தூக்கமாம். ஆனால் காலையில் படகுச் சத்தம் கேட்டால் போதும், எவ்வளவு குளிரானாலும் பனிமேல் போய் உட்கார்ந்துவிடுகிறதாம். எதற்கென்றே புரியவில்லையாம்.

"கோடைப்பூனைதான், வேறென்ன. ஊருக்குப் போற அவசரத்துல எவனோ ஒருத்தன் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைக்கணும்." சொல்லும்போதே ஏதோ நினைவு வந்து அவள் முகம் மலர்ந்தது. "அட, உங்ககிட்ட போய்ச் சொல்றேன் பாருங்க. அந்தப் பலகைய மாட்டுறவரே நீங்கதான? போன ஆகஸ்ட்ல படகுல மொதல் தடவ ஏறினப்பவே அதப் படிச்சுட்டு, நல்ல மனுஷங்க இருக்கற ஊருதான்னு நெனச்சேன்."

ஹெல்மர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனை விரலை விட்டுவிட்டது.

"எழுதினது என் பொண்டாட்டி," என்றார்.

"அந்தப் பாவி எவனா இருக்கும்? ஏதாவது தெரியுமா?"

"தெரியல. எவனோ ஒருத்தன்."

பூனை இதற்குள் துணிப்பையைக் கண்டுபிடித்திருந்தது. தலையை உள்ளே விட்டு, பையைச் சாய்த்து, கோட்டைப் பாதி வெளியே இழுத்து, அதன்மேல் ஏறி நின்றது. முகர்ந்தது, நெடுநேரம் முகர்ந்தது. பிறகு அந்தப் பெரிய கடுவன், கிழிந்த காதும் தடித்த கழுத்துமாக, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முன்காலாலும் கோட்டை மாறி மாறிப் பிசையத் தொடங்கியது.  தான் எத்தனை சோப்புப் போட்டும் குன்வோர் அதில் எங்கேயோ இருந்திருக்கிறாள், தன் மூக்குக்குத்தான் எட்டவில்லை என்று ஹெல்மருக்குத் தோன்றியது.

அன்னெலி சிரித்துக்கொண்டே கோட்டை எடுக்கக் குனிந்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இருக்கட்டும்மா. பழசு. அவ போயிட்டா, வீட்ல இத போடறதுக்கு ஆளில்ல. இவனுக்கே இருக்கட்டும்."

பூனையைப் பார்க்க எதற்கு வந்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. பனியில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் கேட்காமல் வந்திருப்பார், பலகைக்காரர் அல்லவா என்று அவளாகவே எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். காப்பியை அவர் நின்றபடியே குடித்தார். ஷூவை மாட்டக் குனிந்தபோது பூனையின் தலையில் ஒருமுறை கையை வைத்தார். அது பிசைவதை நிறுத்தவில்லை, கண்ணையும் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை முதல் நடையிலேயே ஹெல்மர் பனியைப் பார்த்தார். இரவில் புதுப்பனி விழுந்திருந்தது, நாணலிலிருந்து நீர் விளிம்புவரை ஒரு தடமும் இல்லை. குளிர் அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் படகை நடுவில் மெதுவாக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். படகில் ஏறியிருந்த பால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அது காலைதோறும் தேடி வந்தது எதுவோ, அது அதற்குக் கிடைத்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். ஹெல்மர் படகை அக்கரையில் சேர்த்து, தடுப்புக் கம்பியைத் தூக்கி, காத்திருந்த கார்களை ஒவ்வொன்றாக ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.